முந்திரி நின்ற வரிசை

எங்கள் மார்க்கெட்டில் டீக்கடை வைத்திருப்பவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். எல்லாருக்கும் அவன் முந்திரிதான். கூப்பிடாமலே முந்திக்கொண்டு வந்து நிற்கிறவனை வேறு என்னவென்று சொல்வது? இங்கே ஒருத்தி தும்மினால் அங்கே அவன் இஞ்சி தட்ட ஆரம்பித்துவிடுவான். ஒரு தடவை கோழிக்கடைக்காரரின் மாமியார் செத்துவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பி, பூவோடு முதல் ஆளாகப் போய்க் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தது அந்த மாமியார். செத்தது பக்கத்து வீட்டம்மா. மாமியார் பூவை வாங்கி ஜாடியில் வைத்துவிட்டு, "இருக்கும்போதே கொண்டுவந்தியே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாராம்.

அவன் சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தான். அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர் தூக்கிக் கடை கடையாகப் போடுகிற வேலை. எங்கள் மார்க்கெட்டுக்குள் அவன் வந்தது அப்படித்தான். சிலிண்டரை இறக்கினோமா, போனோமா என்று இருக்கமாட்டான். ஒருத்திக்கு அரிசி மூட்டையை நகர்த்திக் கொடுப்பான், இன்னொருத்தருக்கு அடைத்துக்கொண்ட அடுப்பைக் குத்திவிடுவான். எங்களுக்குப் பிறகு சிலிண்டர் வாங்க வேண்டிய கடைக்காரர்கள் எல்லாம் ஈர விறகை ஊதாத குறையாகக் காத்திருப்பார்கள். அவன் முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் துரத்திவிட்டார். துரத்தியதற்குக் காரணம் நாங்கள் என்பதால், மார்க்கெட்டில் காலியாகக் கிடந்த டீக்கடையை அவனையே எடுக்கச் சொன்னோம். எனக்கு நேர் எதிர்க் கடை.

என் கடை சாப்பாட்டுக் கடை. சோறு, மீன் குழம்பு, ஒரு காய். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் அடுப்பில் நிற்பார், நான் பரிமாறுவேன். அவர் போனபிறகு இரண்டு வேலையும் எனக்கே வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. அதற்கும் சேர்த்து வாயைக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன். குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னவர்கள் இரண்டாம் தடவை சொன்னதில்லை.

கட்டடம் அரசாங்கத்துடையது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேஜைகள், பின்னால் தட்டுக் கழுவ ஒரே குழாயடி. மாதா மாதம் வாடகை ஆபீசில் போய்க் கட்ட வேண்டும். விடாமல் பாக்கி விழுந்தால் கடையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும். ஆள் இல்லாத கடையைப் பார்த்தால், பசியோடு வருகிறவன்கூட குழம்பு நேற்று வைத்ததோ என்று நினைத்துத் தள்ளிப் போவான். அதனால் யார் கடையாவது காற்று வாங்கினால் மற்றவர்கள் போய் அதன்முன் வரிசையாக நிற்போம். எதையோ வாங்குகிற மாதிரி பேச்சுக் கொடுப்போம். வெளியாள் இரண்டு பேர் பின்னால் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவராகக் கழன்று போய்விடுவோம். என் வீட்டுக்காரர் போய் நான் மறுபடி கடை திறந்த அன்றைக்கு, முந்திரிதான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் ஆளாக நின்றான். சோறு வேகவே இல்லை, அதற்குள் வரிசை வாசல்வரை போய்விட்டது.

அதோடு இன்னொன்றும் உண்டு. வியாபாரம் எப்படி என்று வெளியாள் கேட்டால் யாரும் மோசம் என்று சொல்லமாட்டோம். சொன்னால் அவன் வேறு கடைக்குப் போய்விடுவான். வயிறு காய்ந்தாலும் "அமோகம்" என்றுதான் சொல்வோம்.

எதிரே இருந்த பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். எங்கள் பிழைப்பும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. மத்தியானத்தில் மேஜைகளில் ஈக்கள் உட்கார்ந்து கதை பேசின. எனக்கு வாடகை பாக்கி விழுந்தது. மகள் போன் பண்ணும்போதெல்லாம் கடையை விட்டுவிட்டு வந்து என்னோடு இருங்கள் என்றாள். அவள் நல்லவள்தான், மருமகனும் தங்கம்தான். ஆனால் போன தடவை அங்கே இருந்தபோது, பாத்ரூமுக்குப் போவதென்றால் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அவர்கள் டிவி பார்க்கும்போது நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது மறைத்தது. கடை போனால் எனக்கு அந்த வீட்டு மூலைதான்.

அப்போதுதான், கஷ்டத்தில் இருக்கிற மார்க்கெட் கடைக்காரர்களுக்குப் பாதி வாடகையை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்குப் படித்துக் காட்டியவன் முந்திரி. தனக்கு எழுதும்போது எனக்கும் எழுதிக் கொடுத்தான். அதிகாரி ஒருநாள் வந்து கடையைப் பார்ப்பார், கூட்டம் குறைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் கிடைக்கும் என்றான். அதிகாரி என்றால் கழுத்தில் அட்டையும் பின்னால் இரண்டு ஆளுமாக வருவார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் மத்தியானம். காலையிலிருந்து என் கடையில் ஒரு தட்டுகூட நனையவில்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த முந்திரிக்குப் பொறுக்கவில்லை. தன் கடையை அப்படியே போட்டுவிட்டு கோழிக்கடைக்காரரை இழுத்தான், பழக்கடைக்காரியைக் கூப்பிட்டான். அவன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கிளாஸோடு கொண்டுவந்து நிறுத்தினான். அவன் முதலில் நின்று, தெருவரை கேட்கும்படி மீன் துண்டு பெரிதாக வேண்டும் என்று சத்தம் போட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டு, வரிசையில் வாங்க, தள்ளாதீங்க என்று அதட்டினேன்.

நடு மேஜையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கே சாப்பிடலாம் என்று பார்க்கிறவர் மாதிரியே இருந்தார். அவர் எழுந்து வந்து, இந்தக் கடையில் எப்போதும் இப்படித்தான் கூட்டமா என்று முந்திரியைக் கேட்டார். அவனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"இதெல்லாம் ஒரு கூட்டமா சார்? நேத்து வந்திருக்கணும் நீங்க. உங்களுக்கு நிக்கவே இடம் கிடைச்சிருக்காது."

எதிரே அந்த டீக்கடையில் ஆளே இல்லையே என்றார் அவர். வந்த ஆள் டீயும் பன்னும் போதுமென்று அங்கே போய்விடக் கூடாதே என்று முந்திரி தன் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

"அது ஓடாத கடை சார். பாவம், அந்த ஆளுக்குத் தொழிலே தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீலச் சட்டைக்காரர் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு, காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் நல்ல பசியில் வந்தவர் என்றுதான் நினைத்தேன். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன்.

சில வாரம் கழித்து மார்க்கெட் மேற்பார்வையாளர் வந்தார். முந்திரிக்குப் பாதி வாடகை கிடைத்துவிட்டது என்றார். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்து உங்களுக்குத்தான்கா என்றான். மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பாமல், இந்தம்மாவுக்குக் கிடையாது என்றார். ஏன் என்று முந்திரி சண்டைக்குப் போனான். ஆபீசரே நேரில் வந்து பார்த்தாரே, நீலச் சட்டை போட்டுக்கொண்டு நடு மேஜையில் உட்கார்ந்திருந்தாரே, கடைவாசலில் நின்ற ஆளையே விசாரித்து எழுதியிருக்கிறாரே என்றார் அவர்.

என் கையைப் பிடித்திருந்த முந்திரி அதைச் சூடு பட்டவன் போல விட்டான்.

ஊருக்கே தெரியும், என் வாய் சும்மா இருக்காது என்று. ஒரு டம்ளர் கவிழ்ந்தால் மூன்று தலைமுறையை இழுப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. என்னவென்று திட்டுவது? எனக்காக ஏன் வந்து நின்றாய் என்றா?

அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால்கூட வராதவனாகிவிட்டான். பழக்கடைக்காரி கூடையை இறக்கச் சொன்னபோது, நான் கை வைத்தால் விளங்காது என்று ஒதுங்கிக்கொண்டான். எனக்கு டீ கொண்டுவந்து வைப்பான், முகத்தைப் பார்க்கமாட்டான். மத்தியானம் ஆனால் வந்து பார்சல் வாங்குவான். முதலில் ஒன்று வாங்கினான், பிறகு இரண்டு, பிறகு நாலு. காசை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிடுவான். உனக்கெதற்கு நாலு என்று கேட்டால், வீட்டில் விருந்தாள் என்பான்.

விருந்தாளின் லட்சணம் அவன் பெண்டாட்டி வந்தபோதுதான் தெரிந்தது. முட்டி வலிக்காரி, வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவள். மார்க்கெட் படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, காலையில உங்க குழம்பு, ராத்திரி உங்க குழம்பு. எங்க வீட்டு நாய்கூட இப்பல்லாம் தட்டைப் பாத்தா எழுந்து போயிடுது."

"என் குழம்புக்கு என்னடி குறை?"

"குழம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. வாங்குறாரே ஒழிய, அந்த மனுஷன் ஒரு வாய் திங்கிறதில்ல. ராவெல்லாம் உக்காந்திருக்காரு. நீங்க அவரை நல்லா ஒரு தடவை திட்டிடுங்க. நீங்க திட்டலங்கறதுதான் அவரை அரிக்குது."

அவள் கண் கலங்கியிருந்தது. அவள் முன்னாலேயே அவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். சொல்லக் கூச்சப்படுகிறவள் இல்லை நான், ஆனாலும் எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு, சாவியை உன் பெண்டாட்டியிடம் கொடு என்றேன். என் பிழைப்பில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு என் குழம்பை நாய்க்குப் போடுகிறாயா என்றேன். கோழிக்கடைக்காரர் கோழி வறுக்கிற அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். முந்திரி தலையைக் குனிந்து, தாகத்தில் தண்ணீர் குடிக்கிறவன் மாதிரி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டான். எனக்கு மூச்சு வாங்கியபோது, இன்னும் இருக்கா அக்கா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"பத்தலக்கா."

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். வாடகை ஆபீசுக்குப் போகிறேன், அந்த வரிசை பொய் வரிசை என்று சொல்லப்போகிறேன் என்றான்.

எனக்குப் படிப்பு இல்லையே தவிர மூளை இருக்கிறது. வரிசை பொய் என்றால் அவன் கடை காலியாக இருந்ததும் பொய். அவனும் அவன் கடையில் டீ குடித்தவர்களும் என் கடைவாசலில் அல்லவா நின்றார்கள்.

"அப்போ உன்னோடது?" என்று கேட்டேன்.

"அது எப்பக்கா என்னோடதா இருந்துச்சு?"

போகாதே என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அவனுக்கும் பாக்கி இருந்தது, பெண்டாட்டிக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். கூடவே மகள் வீட்டு டிவியும் கண்முன் வந்தது. சட்டையில் ஒரு பொத்தான் தவறிப் போட்டிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். அவன் சரியாகப் போட்டுக்கொண்டு போனான்.

ஆபீசில் அவனை யாரும் விரட்டவில்லையாம். நீலச் சட்டைக்காரரே கூப்பிட்டு உட்காரவைத்து முழுசாகக் கேட்டாராம். நடுவில் ஒரு இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். பிறகு, இப்படிச் சொன்னபிறகு ஒரு கடையை மட்டும் பார்க்க முடியாது, இரண்டு கடையையும் மறுபடி பார்க்கவேண்டும் என்றாராம். முந்திரி அதற்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து மார்க்கெட்டில் யாரும் யாருக்காகவும் வரிசை நிற்கவில்லை. எந்த நீலச் சட்டை எப்போது வருமோ என்ற பயம். கோழிக்கடைக்காரர் ஒருநாள் மதியம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தபடி அவரவர் கடைக்குள் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்களைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி இந்தத் தடவை கழுத்தில் அட்டையோடு வந்தார். அதே நடு மேஜை. என் கடைமுன் ஒரு ஆள் இல்லை. சட்டியை மூடுவதா திறப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். இத்தனை வருஷத்தில் காலிக் கடைக்குள் நின்று இன்னொருவர் பார்வையை வாங்கியதில்லை. துணி நழுவி நிற்கிற மாதிரி இருந்தது. பழக்கடைக்காரி பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் எழுந்துவிட்டாள். முந்திரி எதிர்க் கடையிலிருந்து அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்தாள்.

அவன் கடையில் ஆள் இருந்தார்கள். ரோடு போட வந்தவர்கள், ஐந்தாறு பேர், தார் வாடையோடு வந்து டீ கேட்டார்கள். எத்தனையோ நாள் ஆளில்லாமல் கிடந்த கடைக்கு, அந்த நேரம் பார்த்துத்தானா அவர்கள் வரவேண்டும்? அடுப்பு அணைந்துவிட்டது, பால் தீர்ந்துவிட்டது என்று எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் சாமர்த்தியம் இல்லாதவனா அவன்? நிதானமாக ஒவ்வொரு டீயாக ஆற்றிக் கொடுத்தான். அதிகாரி அதையும் பார்த்தார்.

பிறகு என்னிடம் வந்து, வியாபாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மார்க்கெட்டே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. அமோகம் என்ற சொல்தான் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது. அதை விழுங்கினேன்.

"இல்லங்கய்யா. வியாபாரம் இல்ல. காலையில வச்ச சோறு அப்படியே இருக்கு."

மூடியைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சரிம்மா, மூடிடுங்க என்றார்.

எனக்குப் பாதி வாடகை வந்தது. முந்திரிக்குக் கொடுத்ததை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாடகை நாளில் சேர்ந்தேதான் போய்க் கட்டினோம். நான் பாதி கட்டினேன், அவன் முழுசாகக் கட்டினான். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தகப்பன் மாதிரி லேசான முகத்தோடு வெளியே வந்தான். வருகிற வழியிலேயே பசிக்கிறது என்று சொல்லி, என் கடையில் உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். காசு வேண்டாம் என்றேன். வாங்காவிட்டால் இனி வரமாட்டேன் என்றான். எனக்குக் கிடைத்ததில் பாதியை எடுத்துக்கொள்ளடா என்றும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அக்கா, இப்பத்தான் எனக்குத் தூக்கமே வருது, அதைக் கெடுக்காதீங்க என்று கும்பிட்டுவிட்டான்.

இப்போதெல்லாம் அவன் பழையபடி எல்லார் கூடையையும் இறக்குகிறான், எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறான். எனக்குத்தான் அவன் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டால் கடைக்குள் திரும்பி நின்றுகொள்ளத் தோன்றுகிறது.

முழு வாடகை கட்டவேண்டியிருப்பதால் அவன் பெண்டாட்டி வேலைக்கு வந்துவிட்டாள். மார்க்கெட் பின்னால் குழாயடியில் எல்லாக் கடைக்கும் தட்டுக் கழுவுகிறாள். முட்டியை மடக்க முடியாததால் உட்காரவும் முடியாது, நின்றே கழுவுகிறாள். அவளைக் கண்டால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை சுருக்கென்று வருவதில்லை. என் கடைத் தட்டுகளை ஒரு தடவை நானே உள்ளே தேய்த்து அலசி, துடைக்காமல் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைக்கிறேன். நேற்று அவள் ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, சாப்பிடாத தட்டையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறீங்க?"

"வியாபாரம் அப்படி இருக்குடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.